முதலில் நிறுத்தப் பழகுங்கள்: பாய்மரப் படகில் முதல் நாட்கள்

பாய்மரப் படகில் புதிதாக ஏறுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இதை எப்படி ஓட வைப்பது?" என்றுதான். ஓட வைப்பது பெரிய விஷயமே இல்லை. பாயில் காற்றுப் பிடித்தால் படகு தானாகவே நகரும். அதை எப்படி நிறுத்துவது என்பதுதான் முதல் பாடம். காரணம், இதில் பிரேக் கிடையாது, அணைத்துவிட எஞ்சினும் கிடையாது. நிறுத்தத் தெரிந்தவருக்குப் பயம் குறையும். பயம் குறைந்தால்தான் மற்றதெல்லாம் மண்டையில் ஏறும். அதனால் இந்தக் கட்டுரையில் நிறுத்துவதை முன்னாலும் ஓட்டுவதைப் பின்னாலும் வைத்திருக்கிறேன்.

பழகுவதற்குச் சின்னப் படகுதான் நல்லது. ஒருவரோ இருவரோ ஏறும் டிங்கி போதும். சிறுவர்களுக்கென 1947-இல் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த ஆப்டிமிஸ்ட் படகின் நீளம் 2.3 மீட்டர்தான். பெரியவர்கள் தனியாக ஓட்டும் லேசர் 4.23 மீட்டர். இவ்வளவு சின்னப் படகில் நீங்கள் செய்யும் தவறு அந்த நொடியே தெரிந்துவிடும். பெரிய படகு உங்கள் தவறைக் கொஞ்ச நேரம் மறைத்து வைத்து, அப்புறம் மொத்தமாகக் காட்டும்.

படகின் பாகங்கள்

எல்லாப் பெயரையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம். தண்ணீரில் யாராவது கத்தும்போது கை தானாகப் போக வேண்டிய பெயர்கள் சிலதான்.

படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். கடல் தொழில் செய்பவர்கள் இன்றும் புழங்கும் சொற்கள் இவை. அணியத்தைப் பார்த்து நின்றால் வலப்புறம் ஸ்டார்போர்டு, இடப்புறம் போர்ட். இடம், வலம் என்று சொன்னால் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் அது மாறிப்போகும். ஸ்டார்போர்டும் போர்ட்டும் படகோடு ஒட்டியவை, நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் மாறாது.

நடுவே நிற்பது பாய்மரம். பாயின் அடிவிளிம்போடு கிடைமட்டமாக நீளும் தடியைப் பூம் என்பார்கள். தலையில் இடிப்பது இதுதான், அதன் உயரத்தை முதல் நாளே கண்ணால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பயிற்சிக் கூடங்களில் ஹால்யார்ட் என்பார்கள். ஏறிய பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் இருக்கும் கயிறு தாமான், அதாவது ஷீட். ஷீட் என்றதும் பாய்த்துணியைச் சொல்கிறார்கள் என்று நினைப்பவர்கள் அதிகம். அது துணி இல்லை, கயிறு. "ஷீட்டை விடு!" என்று பயிற்சியாளர் கத்தினால் கையில் இருக்கும் தாமானை நழுவ விட வேண்டும்.

அமரத்தில் தண்ணீருக்குள் இறங்கியிருப்பது சுக்கான். அதைத் திருப்பப் பிடிக்கும் தடி டில்லர். இங்கே சுக்கான் பிடி என்றே சொல்கிறேன். படகின் நடுவே கீழ்நோக்கி இறங்கும் பலகைக்கு நடுப்பலகை என்று வைத்துக்கொள்வோம். அச்சில் சுழன்று இறங்கினால் சென்டர்போர்டு, கத்தி மாதிரி நேராகச் செருகினால் டேகர்போர்டு. வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்: படகு பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் தடுப்பது.

இதோடு இன்னும் இரண்டு சொற்கள். காற்று வந்து படும் பக்கம் காற்றுப் பக்கம். அதற்கு எதிர்ப்புறம் மறைவுப் பக்கம். நீங்கள் உட்கார வேண்டியது எப்போதும் காற்றுப் பக்கம். பாய் இருப்பது மறைவுப் பக்கம்.

காற்று எங்கிருந்து வருகிறது?

படகைத் தொடுவதற்கு முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். காற்றுக்கு அது வரும் திசையை வைத்துத்தான் பெயர். மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. கொடி, புகை, நங்கூரமிட்ட படகுகள் முகம் காட்டும் திசை, தண்ணீரின் மேல் ஓடும் சிற்றலைகள் எல்லாம் உதவும். எனக்கு மிகவும் நம்பிக்கையானவை காதுகள். முகத்தை மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு காதிலும் ஒரே அளவு சத்தம் கேட்டால் நீங்கள் காற்றை நேருக்கு நேர் பார்க்கிறீர்கள்.

வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணிய காலத்துப் பெயர் இது. பயிற்சிக்கு 4 முதல் 10 நாட் போதும். கருவி இல்லாவிட்டாலும் கண்ணால் கணிக்கலாம். வெள்ளை நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிய ஆரம்பித்தால், காற்றின் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 3, அதாவது 7 முதல் 10 நாட். நுரை அடிக்கடி தெரிந்தால் 4, அதாவது 11 முதல் 16 நாட். அன்றைக்குப் புதியவர்கள் கரையில் நின்று மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்ப்பதே மேல். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயில் விழும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 8 நாட் காற்றில் அடக்கமாக இருந்த படகு 16 நாட் காற்றில் வேறு படகு.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். கரையோரம் தண்ணீர் தட்டையாக, அமைதியாகத் தெரியும். தள்ளிப் போகப் போகக் காற்று கூடும், அலை எழும், திரும்பி வருவதோ காற்றுக்கு எதிராக. துணைப் படகு இல்லாத இடத்தில் அந்தக் காற்றில் இறங்காதீர்கள்.

நிறுத்துவது

படகு நிற்க இரண்டு வழி உண்டு. ஒன்று, தாமானைக் கைவிடுவது. பாய் கொடி மாதிரி படபடக்கும், விசை போய்விடும், படகு மெல்ல மெல்ல நிற்கும். இரண்டாவது, அணியத்தை நேராகக் காற்றுக்குள் திருப்புவது. அப்போதும் பாய் படபடக்கும், படகு நின்றுவிடும்.

காற்றுப் பின்னாலிருந்து தள்ளும்போது மட்டும் முதல் வழி பலிக்காது. எவ்வளவு தளர்த்தினாலும் பூம் ஓர் எல்லைக்கு மேல் வெளியே போகாது, பாயில் காற்று இருந்துகொண்டே இருக்கும். அப்போது முதலில் படகைக் காற்றின் பக்கம் திருப்பி, அப்புறம் தாமானை விட வேண்டும்.

முதல் முறை தண்ணீரில் இறங்கியதும் வேறெதுவும் செய்யாமல் இதைப் பத்துத் தடவை செய்து பாருங்கள். காற்று படகின் பக்கவாட்டிலிருந்து வரும்படி வைத்து, தாமானை முழுக்க விடுங்கள். படகு நிற்கும். கொஞ்சம் இழுங்கள், நகரும். விடுங்கள், நிற்கும். இப்படி நிற்பதைப் பாதுகாப்பு நிலை என்பார்கள். எப்போது குழம்பினாலும், மூச்சு வாங்கினாலும், கயிறு சிக்கினாலும் இங்கே வந்து நின்று நிதானமாக யோசிக்கலாம்.

இதற்காகவே ஒரு கண்டிப்பான விதி: தாமானை எதிலும் கட்டாதீர்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். என்னுடைய இரண்டாவது வாரத்தில் கை வலிக்கிறதே என்று அதைக் கிளீட்டில், அதாவது கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கொக்கியில், மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு வேகக் காற்று வந்தது. கிளீட்டிலிருந்து கயிற்றை எடுக்கக் கை போவதற்குள் பாய் தண்ணீரில் படுத்துவிட்டது. கையில் பிடித்திருந்தால் விரல்கள் தாமாகவே திறந்திருக்கும். வலிக்கும் கைதான் உங்கள் பிரேக்.

படகு எந்தத் திசைகளில் ஓடும்?

காற்று வரும் திசையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரு புறமும் சுமார் 45 பாகை வரை, கிட்டத்தட்ட 10.30-லிருந்து 1.30 வரை, பொதுவாகப் பாய்மரப் படகு ஓடாது. பாய் படபடக்கும், படகு நிற்கும். அந்தத் திசையில் ஓர் இடத்துக்குப் போக வேண்டுமானால் ஒரு பக்கம் சாய்வாகக் கொஞ்ச தூரம், மறுபக்கம் சாய்வாகக் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும்.

மற்ற எல்லாத் திசையிலும் ஓடலாம். அந்த 45 பாகை விளிம்பை ஒட்டி ஓடும்போது பாய் முழுக்க உள்ளே இழுத்திருக்கும். நடுப்பலகை முழுக்க இறங்கியிருக்கும். படகு சாயும், தண்ணீர் தெறிக்கும். காற்று சரியாகப் பக்கவாட்டில், அதாவது 3 அல்லது 9 மணித் திசையில் ஓடினால் பாய் பாதி வெளியே, பலகையும் பாதி. பழக இதைவிட இதமான திசை கிடையாது, போன வழியே திரும்பியும் வரலாம். காற்றுப் பின்னால் வந்தால் பாய் முழுக்க வெளியே, பலகை கொஞ்சம் மட்டும் கீழே. சுகமாக இருப்பதுபோல் தெரியும் இந்த ஓட்டத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஏன் என்பதை ஜைப் என்ற திருப்பத்தைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

காற்றுக்குச் சாய்வாக எதிரே எப்படி ஓட முடிகிறது? வளைந்த பாயை ஒட்டி ஓடும் காற்று திசை திரும்புகிறது. காற்றைத் திருப்பும் பாய்க்கு எதிர்விசை கிடைக்கிறது, விமான இறக்கையில் நடப்பதுபோல. அந்த விசையில் பெரும்பங்கு பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. நடுப்பலகை அதை அனுமதிப்பதில்லை. ஈரமான சோப்பை இரு விரலால் அழுத்தினால் முன்னே வழுக்கி ஓடுகிறதே, அப்படித்தான் காற்றுக்கும் பலகைக்கும் நடுவே அகப்பட்ட படகு முன்னே ஓடுகிறது. பலகையை இறக்க மறந்து "படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறதே" என்று திகைப்பவர்களை ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கலாம்.

பாயை எவ்வளவு இழுப்பது?

இதற்கு எளிய வழி ஒன்று போதும். பாயின் முன்விளிம்பு, அதாவது மரத்தை ஒட்டிய பகுதி, லேசாகத் துடிக்கும் வரை தாமானைத் தளர்த்துங்கள். துடித்ததும் அந்தத் துடிப்பு நிற்கும் வரை மட்டும் இழுங்கள். அவ்வளவுதான். காற்றின் திசை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தளர்த்திச் சரிபார்க்க வேண்டும். புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே தேவைக்கு மேல் இழுக்கிறார்கள். இறுக இழுத்த பாய் பார்க்க வேகமாகத் தெரியும். உண்மையில் படகைச் சாய்க்கும், ஓட்டாது. சந்தேகம் வந்தால் தளர்த்துங்கள்.

உட்காருவதும் திருப்புவதும்

காற்றுப் பக்க விளிம்பில், பாயைப் பார்த்தபடி உட்காருங்கள். அமரத்தை ஒட்டிய கையில் சுக்கான் பிடி, அணியத்தை ஒட்டிய கையில் தாமான். பார்வை பாய்க்கும் முன்னால் உள்ள தண்ணீருக்கும் இடையே போய்வர வேண்டும். சுக்கானைப் பார்க்கவே வேண்டாம்.

சுக்கான் பிடியை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் அணியம் திரும்பும். முதல் ஒரு மணி நேரம் இது எல்லாரையும் படுத்தும். இடம் வலம் என்று யோசிக்காமல் இப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள்: பாயை நோக்கித் தள்ளினால் படகு காற்றுக்குள் ஏறும், அதாவது அணியம் காற்று வரும் பக்கம் திரும்பும், உங்களை நோக்கி இழுத்தால் காற்றை விட்டு விலகும். கையசைவு சின்னதாக இருக்கட்டும். சுக்கானை வெடுக்கென்று திருப்பினால் அது பிரேக் போலத் தண்ணீரைத் தடுக்கும்.

படகு அளவுக்கு மேல் சாய்ந்தால் வரிசை இதுதான்: முதலில் தாமானைத் தளர்த்துங்கள், அடுத்து உடம்பை வெளியே சாய்த்து எடை கொடுங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் காற்றுக்குள் கொஞ்சம் ஏற்றுங்கள். பயத்தில் பலர் சுக்கான் பிடியைத் தம் பக்கம் இழுத்துவிடுவார்கள். படகு காற்றை விட்டு விலகி இன்னும் அதிகமாகச் சாயும்.

டாக்: அணியம் காற்றைக் கடப்பது

காற்றை ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு மாற்ற, அணியத்தைக் காற்றின் குறுக்கே கொண்டுபோவது டாக்.

1. திரும்பப் போகும் பக்கம் வேறு படகு இருக்கிறதா என்று பாருங்கள். கரையில் ஏதாவது ஓர் அடையாளத்தைத் திரும்பியபின் நோக்க வேண்டிய இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. படகில் நல்ல வேகம் இருக்க வேண்டும். "தயாரா?" என்று துணைவரிடம் கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்தது.
3. சுக்கான் பிடியைப் பாயை நோக்கி நிதானமாகத் தள்ளி, அங்கேயே வைத்திருங்கள்.
4. பாய் படபடத்து பூம் நடுவே வரும்போது குனிந்து, முகம் அணியத்தைப் பார்த்தபடி மறுபக்கம் மாறுங்கள்.
5. பாய் புதுப் பக்கத்தில் காற்றுப் பிடித்ததும் சுக்கானை நேராக்கி, உட்கார்ந்து, அதன் பிறகு கை மாற்றிக்கொள்ளுங்கள்.

வேகம் இல்லாமல் திரும்பினால் பாதியில், அணியம் நேரே காற்றைப் பார்த்தபடி, படகு நின்றுவிடும். பதற வேண்டாம், படகு மெல்லப் பின்னால் போகத் தொடங்கும். பூமைக் கையால் வெளியே தள்ளுங்கள், சுக்கான் பிடியையும் அதே பக்கம் தள்ளுங்கள். பின்னோக்கிப் போகும்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பதால் அணியம் ஒரு பக்கம் விலகும். விலகியதும் சுக்கானை நேராக்கித் தாமானை இழுத்தால் ஓட்டம் மீண்டும் பிடிக்கும்.

ஜைப்: அமரம் காற்றைக் கடப்பது

காற்றுப் பின்னால் இருக்கும்போது அமரத்தைக் காற்றின் குறுக்கே திருப்புவது ஜைப். டாக்கில் பாய் விசை இழந்து மெதுவாக மாறும். ஜைப்பில் பாய் காற்று நிறைந்தபடியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசி வரும். வழியில் தலை இருந்தால் பலத்த காயம்தான். காற்றுப் பின்னால் ஓடும்போது கவனம் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். கொஞ்சம் அசந்தால் நீங்கள் கேட்காமலே ஜைப் நடந்துவிடும். வெளியே இருக்கும் பூம் தயங்கி மேலெழுந்து ஆடினால் அது எச்சரிக்கை. உடனே சுக்கான் பிடியைப் பாயை நோக்கிக் கொஞ்சம் தள்ளுங்கள்.

வேண்டுமென்றே செய்யும்போது முதலில் படகை மட்டமாக வைத்து, பின்னால் பார்த்து, சத்தமாகச் சொல்லிவிட்டு, சுக்கான் பிடியை உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். பாய் தளர்வது தெரிந்ததும் தாமானைக் கொத்தாகப் பிடித்துப் பூமை நீங்களே கொண்டுவந்து மறுபக்கம் விடுங்கள், தலை தாழ்ந்தே இருக்கட்டும். பூம் கடக்கும் அந்த நொடியிலேயே சுக்கான் நேராக வேண்டும், இல்லையென்றால் படகு சுழன்று கவிழும். காற்று கூடுதலாக இருந்தால் ஜைப் வேண்டாம். காற்றுக்குள் ஏறி, ஒரு டாக் அடித்து, சுற்றி வாருங்கள். அனுபவசாலிகளும் செய்வதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கவிழ்ந்தால்

டிங்கி கவிழும். அது பாடத்தின் பகுதி. அமைதியான நாளில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது, வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பழகிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் எல்லா வார்களும் இறுக்கியபடி உடம்பில் இருக்க வேண்டும், படகில் கிடந்தால் பயனில்லை.

1. தலையை வெளியே எடுத்ததும் துணைவர் எங்கே என்று பாருங்கள், கூப்பிட்டுப் பதில் வாங்குங்கள்.
2. படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரை எவ்வளவு பக்கம் தெரிந்தாலும் நீந்திப் போகாதீர்கள். மிதக்கும் படகு தூரத்திலிருந்தும் தெரியும், தண்ணீரில் ஒரு தலை தெரியாது.
3. தாமானைத் தளர்த்துங்கள். இறுகிய பாயோடு நிமிர்ந்த படகு உடனே ஓடும் அல்லது மறுபடி கவிழும்.
4. ஒருவர் அணியத்தைப் பிடித்து அதைக் காற்றின் பக்கம் திருப்பட்டும். மற்றவர் சுற்றி நீந்தி நடுப்பலகைக்குப் போகட்டும்.
5. பலகையின் மேல், படகை ஒட்டிய அடிப்பகுதியில் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். பலகையின் நுனியில் நின்றால் அது உடையலாம்.
6. பாய் தண்ணீரை விட்டு எழும்வரை பொறுமை வேண்டும். எழுந்த பிறகு சட்டென்று நிமிரும், ஏறத் தயாராக இருங்கள்.

சில சமயம் பாய்மரம் கீழே தொங்க, படகு முழுக்கத் தலைகீழாகிவிடும். அப்போதும் முறை இதுதான். விளிம்பில் நின்று, பலகையைப் பிடித்து இழுத்து முதலில் பக்கவாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நேரம் எடுக்கும். இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகும் முடியவில்லை என்றால் வலுவை வீணாக்காமல் படகைப் பிடித்தபடி உதவிக்குக் கையசையுங்கள்.

யார் வழிவிட வேண்டும்?

1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் இதற்கு அடிப்படை. இரண்டு பாய்மரப் படகுகள் நெருங்கும்போது, காற்றை இடப்புறம் வாங்கி ஓடுபவர், வலப்புறம் வாங்கி ஓடுபவருக்கு வழிவிட வேண்டும். இருவருக்கும் காற்று ஒரே புறம் என்றால் காற்றுப் பக்கம் இருப்பவர் வழிவிட வேண்டும். முந்திச் செல்பவர் எப்போதும் விலகிப் போக வேண்டும். பாய்மரப் படகுக்கு மோட்டார் படகு வழிவிட வேண்டும் என்பது பொது விதிதான். ஆனால் வலை இழுக்கும் படகுக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும், குறுகிய கால்வாயில் வரும் பெரிய கப்பலுக்கும் குறுக்கே போகக் கூடாது. விலகுவதானால் சீக்கிரமாக, எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி விலகுங்கள்.

கரை சேர்வது

முதலில் பழகிய பாதுகாப்பு நிலை இங்கேதான் முழுப் பயன் தரும். மிதவைப் பாலத்தை நோக்கிக் காற்றைப் பின்னால் வைத்து வரவே வராதீர்கள், நிறுத்த வழியே இருக்காது. காற்றுக்குச் சாய்வாக எதிரே வரும்படி பாதையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று படகு நீளம் இருக்கும்போதே தாமானை விட்டு, வேகம் குறைந்தால் கொஞ்சம் இழுத்து, கூடினால் விட்டு, நடந்து வருவதுபோல வாருங்கள். கடைசியில் அணியம் காற்றைப் பார்க்கும்படி திருப்பினால் பாலத்தின் பக்கத்தில் படகு தானாக நிற்கும். வேகம் சரியாக இல்லை என்று தோன்றினால் விலகி, சுற்றி, மறுபடி வாருங்கள். கையையோ காலையோ நீட்டிப் படகைத் தடுக்காதீர்கள்.

மணல் கரையானால் தண்ணீர் ஆழம் குறையும் முன்பே நடுப்பலகையையும் சுக்கானையும் மேலே தூக்க வேண்டும். இறங்கியதும் அணியத்தைப் பிடித்துக் காற்றின் பக்கம் திருப்பி நில்லுங்கள். பாய் படபடக்கும்போதே ஆஞ்சானை அவிழ்த்துப் பாயை இறக்கிவிடுங்கள், அதற்குப் பிறகுதான் மற்ற கயிறுகளில் கை வைக்க வேண்டும்.